ஒரு அங்குல அட்டை

இன்று காலை ஹேவாஹெட்டயில், தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணுக்காலில் ஓர் அட்டை தொங்கியது. தேசிக்காய்ப் புளி பட்டதும் சுருண்டு விழுந்தது. உடனே உன் நினைப்புத்தான் வந்தது, மச்சான்.

கண்டி நகரமே அறிந்த அட்டை அல்லவா அது? என் புடவைக் கடைக்கும் உன் மணிக்கூட்டுக் கடைக்கும் நடுவிலிருந்த தேத்தண்ணிக் கடையில் அந்தக் கதையை எத்தனை தரம் அவிழ்த்துவிட்டிருப்பேன்! இந்த வாசலில் விட்ட செருப்பைக் கவ்விய அட்டையை இழுத்தேன். வால் கையோடு வந்தது, தலை விடவில்லை. இழுத்தபடியே கண்டி வரை நடந்தேன். வழிநெடுகப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். "போன முற பாதி வழி, தலாத்துஓயா வரதானே வந்த?" என்று கேட்பாய். பொய் வராத வாய் உன்னுடையது. ஓடாத மணிக்கூட்டை ஓடும் என்று சொல்லி விற்கத் தெரியாதவன்.

பிறகு அந்த மழைக்காலம். யாரும் சாகவில்லை, கடையும் நட்டப்படவில்லை. ஆனாலும் குளிக்க எழும்புவது ஹந்தானை மலையைத் தோளில் தூக்குவது போலிருந்தது. இதில் மட்டும் மிகை இல்லை. சோறு மண்ணாக இறங்கியது. விடிய வெகு முன்பே விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பேன். கிழமைக்கணக்காக இப்படி. வீட்டார் கோயிலில் நூல் கட்டினார்கள். "வேலையப் பாரு, சரியாப் போயிரும்" என்றார்கள்.

ஒருநாள் பகிடிக்காக நீ கேட்டாய்: "அட்ட எவ்வளவு பெருசுடா?"

"ஒரு அங்குலம் இருக்கும்."

கடையே சிரித்தது. நீ மட்டும் கோப்பையைக் கீழே வைத்தாய். வெளியே கூட்டிப்போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

"மச்சான், செத்துப் போகணும்டு நினப்பு வருதா?"

நான் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

"அப்ப இன்டக்கே போவம்."

"நூல் கட்டியிருக்காங்க."

"நூல் இருக்கட்டும். நானும் ஓதித் தாரன். மொதல்ல டொக்டர்."

"யாராச்சும் பாத்துட்டா?"

"எனக்குத்தான் வருத்தம் என்டு நான் சொல்ற."

சொன்னாய். பேராதனை ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த முகம் எது வந்தாலும் முந்திக்கொண்டு, "மனசு சரியில்ல, மருந்துக்கு வந்த" என்றாய். உன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டுத் தயங்கியபோதும் நீ மறுக்கவில்லை. வாழ்நாளில் நீ சொன்ன ஒரே பொய்.

மருந்தும் பேச்சுமாக மாதங்கள் போயின. அட்டை மெல்ல வளர்ந்தது. முதலில் ஒரு முழம், பிறகு கமுகு உயரம். அது புசல்லாவையைத் தொட்ட அன்று எனக்கு மீன் வைத்த மாலுபாண் வாங்கித் தந்தாய்.

போன நோன்பு முடிந்த கையோடு உன் இதயம் நின்றது. அழுதேன். அது துக்கம், அழுகைக்கு நடுவிலும் உன் கதைகளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சில கிழமைகளாக அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

காலையில் தங்கை கதை கேட்கும் ஆசையில் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எவ்வளவு பெருசுண்ணே?"

"ஒரு அங்குலம்."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. கோப்பையைக் கீழே வைக்க நீ இல்லை. நானே வைத்தேன். பஸ் ஏறினேன்.

அதே ஆஸ்பத்திரி வாங்கு. அன்று உன்னை இங்கே கண்ட நம் கடைத்தெருப் பழக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாருக்குங்க வருத்தம்?"

"எனக்குத்தான்" என்றேன். "அன்னைக்கும் எனக்குத்தான்."