சம்பந்தியம்மாளிடம் இருக்கும் பட்டியல்

அன்பும் மதிப்பும் நிறைந்த மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். உன் நலத்தையோ உன் மாமியார் வாயால் அறியும்படி ஆயிற்று. இக்கடிதம் மூன்று வாரம் தாமதித்தமைக்குப் பொறுத்தருள்க. கோபம் ஆறாமல் எழுதினால் வாக்கியம் கெட்டுவிடும் என்று காத்திருந்தேன்.

மாதத் தொடக்கத்தில் சம்பந்தியம்மாள் நம் பைண்டிங் கடைக்கு வந்து, பசை காயாத புத்தகங்களின் மேல் கைப்பையை வைத்துவிட்டு, என்ன சம்பந்தியம்மா, பொண்ணு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா, என்கிட்ட தினம் போன்ல கொட்டித் தீர்க்கிறாளே என்றார். உனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றும், இடக்கண் மங்கலாம், வெந்நீரில் குளித்தால் இன்னும் மங்குமாம், தலை குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பதுபோல் ஓடுமாம், பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதே தெரியாதாம், மத்தியானத்துக்குள் உடம்பு துவண்டுவிடுமாம் என்றும் விரல் மடக்கிச் சொன்னார். அப்பா தாள் வெட்டியபடியே, மெதுவாச் சொல்லுங்க, இவளுக்குப் பொறாமை வந்துடும் என்றார். வந்துதான் விட்டது. பத்து மாதம் சுமந்தவள் நான், பட்டியல் அவரிடம். எனக்குக் கிடைத்ததெல்லாம், நல்லா இருக்கேம்மா என்ற இரண்டு சொல்.

ஏன் என்றும் யோசித்தேன். உன் கடைசிக் கடிதத்தில் எழுத்துகள் கோணிக் கிடந்தன. கை நடுங்குகிறது என்று உணராமல், கவனக்குறைவு எனச் சிவப்பு மையால் வட்டமிட்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே எழுதக் கற்றவள் என்ற மண்டைக்கனம், வேறென்ன. அதன்பின் யார்தான் என்னிடம் வாய் திறப்பார்கள்.

பிறகு கடைக்கு வந்த மருத்துவ நூல் ஒன்றைத் தைக்குமுன் முழுதும் படித்தேன். இந்நோய் ஆளுக்கொரு விதமாம். விலாவைச் சுற்றி வாரால் இறுக்கினாற்போன்ற வலியும் சிலருக்கு உண்டாம். இதைச் சம்பந்தியம்மாள் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி. அது உனக்கு இருந்து, அதை நீ என்னிடம் மட்டும் சொல்லக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தே விட்டேன் மகளே. பெற்றவள் நினைக்கும் நினைப்பா அது. அப்படியொன்று உனக்கு வரவே வேண்டாம். எல்லாம் முதலில் அவருக்கே தெரியட்டும், இரண்டாவதாகவாவது எனக்குச் சொல்.

மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள், வெயிலில் அலையாதே. நீ நெடுங்காலம் நன்றாக வாழ வேண்டும். கை ஓடாவிட்டால் மாப்பிள்ளையை எழுதச் சொல். விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் அம்மா