யோங் பெங்கில் பிந்திய தாளம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். துணி காயப் போட்டுவிட்டு வேலைக்கு. செனாய் தொழிற்சாலையில் பத்து மணி தேநீர் நேரம், கைப்பேசியில் செய்தி: சேவியர் காலமானார். ‘கறுப்பு ரயில்’ ராக் குழுவின் டிரம்மர். அறுபத்து மூன்று வயது. பத்து பாகாட் நகரில், தன் வீட்டில், தூக்கத்திலேயே.

அழுகை வரவில்லை. மதியம் நாசி லெமாக் சோறு முழுதும் சாப்பிட்டேன்.

முப்பத்தாறு வருடமாக அவர் வாசிப்பைக் கேட்கிறேன். முதல் தடவை பதினேழு வயதில், பத்து பாகாட் பள்ளி மண்டபம். தோழிகள் எல்லாம் பாடகரைப் பார்த்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் வலது காலை. செருப்பில்லாத கால். அது டிரம் மிதியில் இறங்கும்போதெல்லாம் என் நெஞ்சில் இடித்தது.

வீட்டுக்காரர் குணாவிடம் சொன்னேன். “யாரு, அந்த டம் டம் ஆளா? பாவம் லா.” தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார்.

நாளை: எரிவாயு. அம்மாவின் மருந்து.

ஜூலை 9, புதன்

மழை வருவதுபோல் வந்து போனது. எரிவாயு வாங்கவில்லை.

குழுவின் பாடகர் ராஜன் அழைத்தார். இத்தனை வருடத்தில் முதல் முறை.

“எங்க ஃபேஸ்புக் பக்கத்துல எல்லா வீடியோவுக்கும் எழுதுற செல்வி நீங்கதானே? நாளைக்குத் தேவாலயத்துல பூசை முடிஞ்சதும் ரசிகர்கள் சார்பா மூணு நிமிஷம் பேசணும்.”

“மேடையில பேசினதே இல்லண்ணே.”

“அவர் வாசிப்பு எங்களவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். வந்துருங்க.”

சரி என்றுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் யோங் பெங்கில் ஒரு விருந்து நிகழ்ச்சி. மூன்றாவது பாட்டிலிருந்து சேவியர் தாளத்தில் பிந்தினார். கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு அடியும். வீட்டுக்கு வந்து குழுவின் பக்கத்தில் எழுதினேன்: ‘டிரம்ஸ் பிந்துகிறது. சேவியர் அண்ணன் இடத்தை விட்டுக்கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.’ என் வரிக்கு மேலும் கீழும் எல்லோரும் ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவே இல்லை.

இன்று போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. என் பெயர், என் படம், சிவப்புச் சேலை.

பேச வேண்டியவை:
– பள்ளி மண்டபம், கால்
– பாட்டுக்கு வேண்டியதற்கு மேல் ஓர் அடிகூட அடிக்கமாட்டார்
– எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் (இதை எப்படிச் சொல்வேன்?)
– யோங் பெங்?

குணா: “சாவுல எதுக்கு அதெல்லாம்? நல்லதச் சொல்லிட்டு வந்துரு.”

ஜூலை 10, வியாழன்

விடுப்பு. வெயில். நெடுஞ்சாலையில் லாரிகள். அரை மணி முன்பே தேவாலயம்.

அவர் மனைவி தெரேசா அக்கா முதல் வரிசையில் தனியாக. வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“அக்கா, இன்னிக்குப் பேசப் போறது நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, டிரம்ஸ் பிந்துதுன்னு எழுதினதும் நான்தான்.”

என் முகத்தைப் பார்த்தார்.

“செல்வியா? அவரு படிச்சாரு. ரெண்டு நாளு சரியா சாப்பிடல.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“மூணாவது நாளு, டாக்டர்கிட்ட போலாம்னு அவரே சொன்னாரு. கை நடுங்குறத வீட்டுல யாருக்கும் காட்டாம வச்சிருந்தாரு. எனக்கும்தான்.”

அக்கா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“உங்க மேல எனக்குக் கோவம்தான். இப்பவும்தான். போய்ப் பேசுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க.”

பேசினேன். கால், பள்ளி மண்டபம், வேண்டியதற்கு மேல் அடிக்காதது. பிறகு யோங் பெங். எழுதியதை எழுதியபடியே சொன்னேன். யாரோ இருமினார்கள். ராஜன் தரையைப் பார்த்தார். ‘அவர் பிந்தினார் என்று எனக்குத் தெரிந்ததே, முப்பத்து நாலு வருடம் அவர் பிந்தாததால்தான்’ என்று முடித்தேன். வீட்டில் எழுதிவைத்த வரி இல்லை. அங்கே வந்தது.

கல்லறையில் வேறு யாரும் என்னிடம் பேசவில்லை. தெரேசா அக்கா என் எண்ணை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது கார் கண்ணாடியில் பறவை எச்சம். நிறுத்தித் துடைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

வேலை. மூன்றாம் இயந்திரம் பழுது. கூட வேலை செய்யும் ரோஸ் அக்கா, “நேத்து எங்க போன?” “ஒரு சாவு.” “சொந்தமா?” இல்லை என்றேன். பிறகு, ஆமா என்றேன்.

எரிவாயு வாங்கியாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தெரேசா அக்காவிடமிருந்து குரல் செய்தி.

“செல்வி, அவரு நல்லா வாசிச்சது எல்லார்கிட்டயும் இருக்கு. யோங் பெங்ல வாசிச்சதுதான் கடைசி. அது யார்கிட்டயும் முழுசா இல்ல. நீங்க வீடியோ எடுத்தீங்களா?”

எடுத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு திறக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது பாட்டு. பிந்துகிறார். குச்சிகளைக் கை மாற்றிப் பார்க்கிறார். கிட்டார்க்காரர் திரும்ப, இவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் அன்று கவனிக்கவே இல்லை. தாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காவது பாட்டின் நடுவில், கைப்பேசிக்கு மிக அருகில், என் குரல். பக்கத்திலிருந்த குணாவிடம் அலுத்துக்கொள்கிறேன். “அலமாக், இவரு முடிஞ்சாரு.” தெளிவாக.

அந்த இடத்தை மட்டும் வெட்டலாம். எப்படி என்று தெரியும். விரலை அங்கே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

வெட்டாமல் அனுப்பினேன்.