வெறும் காற்றுதான்

18-8-2006, வெள்ளி இரவு

குடலை மறுபடி இணைத்து, வயிற்றில் மாட்டியிருந்த மலப்பையை எடுத்துவிட்டார்கள். பழவேற்காட்டு வீட்டுக்கு வந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. வயிறு லேசாகப் புரண்டாலே, காற்றா மற்றதா என்று தெரியாமல் கழிப்பறைக்கு ஓடுகிறேன்.

இன்று அஸர் தொழுகையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாதியில் வயிறு புரண்டது. ஏனோ ஓடத் தோன்றவில்லை. காற்றுதான் என்று உடம்பே சொன்னது. அடக்க முடியவில்லை, பிரிந்துவிட்டது. கைலியைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. ஆனாலும் காற்றுப் பிரிந்தாலே, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிடும்; எழுந்தேன்.

நான் எழுந்ததைப் பார்த்து ஆமினா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாங்க, பாதியில எழுந்துகினீங்க? மறுபடியும் ஆயிடுச்சா?"

"இல்ல புள்ள. வெறும் காத்துதான். ஒளு முறிஞ்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். ஒளு முறிந்ததற்கா என்று இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் வலித்தது.

இத்தனை வயதில் இதை யோசித்ததே இல்லை. காற்று எது, மலம் எது என்று உள்ளே எது பிரித்துப் பார்க்கிறது? டாக்டரைக் கேட்க வேண்டும்.

பை இருந்தவரை அது பாட்டுக்கு நிரம்பும்; ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஒளு போதும், இடையில் முறியாது என்று பள்ளிவாசல் ஹஜரத் சலுகை சொல்லியிருந்தார். இனி அது கிடையாது. எல்லாரையும் போல மறுபடி குழாயடிக்குப் போய்க் கால் கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.