இடது இறக்கையின் சிவப்பு

ஜூலை 23, 1940. ரீகா

மழை. உருளைக்கிழங்கு வாங்கவில்லை.

பட்டறைக்கு உத்தரவு வந்துவிட்டது. எங்கள் விமானப்படையின் எல்லா விமானங்களிலும் தீச்சிலுவையை மறைக்க வேண்டுமாம். வெள்ளை வட்டத்துக்குள் கொக்கி மடங்கிய அந்தக் கருஞ்சிவப்புக் குறியைப் பதினொரு வருடமாக இறக்கைத் துணியில் தீட்டி வருகிறேன். எங்கள் நாட்டுப் பெண்கள் தலைமுறையாகக் கையுறையில் பின்னுகிற அதே குறி. ஜெர்மன்காரன் அதைத் தன் கொடியில் போட்டுக்கொண்டான். அதிலிருந்து எங்களையும் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது ரஷ்யர்கள் வந்து நட்சத்திரம் கேட்கிறார்கள்.

இடது இறக்கை நான், வலது என்னோடு வேலை செய்யும் ஆல்வீனே. வெள்ளிப் பூச்சு பற்றாக்குறை. மேஸ்திரி ட்ரெய்மனிஸ், "ஒரு பூச்சு போதும், சாயங்காலத்துக்குள்ள முடிங்கம்மா," என்றார்.

ஜூலை 30

நல்ல வெயில். என் இறக்கையில் சிலுவை திரும்ப வந்துவிட்டது, ரோஜா நிறத்தில், நான்கு கொக்கியும் தெளிவாக. சிவப்பு அப்படித்தான், மேலே ஒரே பூச்சு பூசினால் கசிந்து வரும். எங்கள் இருவருக்கும் அது தெரியும். ரஷ்யர்கள் அனுப்பிய புது அரசியல் அதிகாரிக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்த நாசவேலையாம். ஆள் யாரென்று தெரிந்தால் கொண்டுபோய்விடுவார்கள். கிடங்குக்காரரைக் கொண்டுபோனார்கள், அவர் மனைவி இன்னும் வாசல் வாசலாக அலைகிறாள்.

எது யார் பூசிய இறக்கை என்று ட்ரெய்மனிஸுக்கு நினைவில்லை. ஆல்வீனேவுக்கு இருக்கும். அவள் இறக்கையில் மட்டும் ஏன் ஒன்றும் தெரியவில்லை? நிழலில் நின்றதா — அல்லது எனக்குத் தெரியாமல் இரண்டாவது பூச்சு போட்டாளா?

ஆகஸ்ட் 2

ஆல்வீனே இன்று பேசினாள். ஒரு கோடைத் திருவிழாவில், லீகோ இரவில், அவள் என்னைக் கிண்டல் பாட்டாகப் பாடியதிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது. "இன்னும் அதே வீட்லதான் இருக்கியா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள்? வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டியில் பாதியை நீட்டினாள். பசியில்லை என்றேன். நல்ல பசி.

"விஷம் ஒண்ணும் வைக்கலடி," என்றாள்.

ஆகஸ்ட் 7

அதிகாரியின் அறையிலிருந்து ஆல்வீனே வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 8

போட்டுக்கொடுத்துவிட்டாள். வேறென்ன?

ஆகஸ்ட் 12

என் பெயர்நாள், நாள்காட்டியில் என் பெயர் போட்டிருக்கும் நாள். யாரையும் அழைப்பதில்லை, நினைவிருப்பவர்கள் வருவார்கள். போன வருடம் நாற்காலி போதவில்லை. குங்குமப்பூ போட்டு வளையரொட்டி சுட்டு வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் பயம்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஆல்வீனே, கையில் டாலியாப் பூக்கள். வாங்கும்போதே எண்ணினேன், யாரும் எண்ணத்தான் செய்வார்கள். ஆறு. உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில் கொடுப்போம், இரட்டைப்படை கல்லறைக்கு. அவளா எண்ணத் தெரியாதவள்? என்னைக் குழிக்குள் வைத்தே பார்த்துவிட்டாள்.

"உள்ள வரட்டா கிளாரா? நாளைக்கி நம்ம ரெண்டு பேரையும்—"

"தலைவலி," என்று கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் வெளியே நின்றாள். பிறகு காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. பூக்களை எறிய மனம் வரவில்லை, வாளியில் போட்டேன்.

ஆகஸ்ட் 13

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் அவளை, பிறகு என்னை.

"இடது இறக்கை யார் பூசினது?" மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அவள் முந்திக்கொண்டிருப்பாள் என்றே நினைத்தேன். "ஆல்வீனே," என்றேன். வாய் தவறி வரவில்லை. நானே சொன்னேன்.

அவர் அதிகாரிக்கு அதை ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேடிக்கையா இருக்கு. அவ உன் மேல பழி போடவே இல்ல. பூச்சு மட்டம், யார் மேலயும் தப்பில்லன்னு சொன்னா. போன வாரமும் வந்து அதையேதான் சொன்னா. கிளாராவைக் கேளுங்க, அவளும் இதத்தான் சொல்வாளுன்னு."

மத்தியானம் ஆல்வீனேவைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். மேல்கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது.

ஆகஸ்ட் 14

புது டப்பாக்கள் வந்தன. இனி இரண்டு பூச்சு போடச் சொன்னார் ட்ரெய்மனிஸ். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும்போது, மாடிப்படித் திருப்பத்தில் கரிப்பெட்டிக்குப் பின்னால் ஒரு டாலியா கிடந்தது. காம்பு ஒடிந்து, மிதிபட்டு. நேற்றும் அதைத் தாண்டித்தான் போயிருப்பேன்.

எடுத்து வந்து வாளியில் மற்றவற்றோடு வைத்தேன். ஏழு.