உப்பேறிய தண்ணீர்

நிலவின் தென்முனை, பனி அகழ்வு நிலையம்
பதிவு செய்பவர்: மருத்துவர் பிலோமினா

நாள் 112, 08:10
வாராந்திரச் சோதனை. என்னையும் சேர்த்து ஏழு பேர். காய்ச்சல், காயம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் எல்லோருக்கும் சற்றுக் கூடியிருக்கிறது. துளையிடும் இயந்திரம் ஓட்டும் இசக்கிமுத்துவுக்கு 168/104. மாத்திரை எழுதியதும் சிரித்தார்.
"தலவலி கூட இல்ல டாக்டரம்மா. எனக்கு என்ன வந்துரப் போவுது?"
தலைவலி இல்லாததுதான் எனக்குப் பயம். எனக்கும் ஆறு வருடமாகப் பிரஷர் உண்டு. மாத்திரையில் அடங்கியிருக்கிறது.

நாள் 119, 11:40
காரணம் கிடைத்தது. குடிநீரில் உப்பு. மறுசுழற்சி வடிகட்டி பழுது. உப்பளவு காட்டும் கருவியும் செத்துக் கிடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் எவர் நாக்குக்கும் தெரியவில்லை. நான்கு மாதமாக இதைத்தான் குடிக்கிறோம்.

நாள் 120, 09:05
பூமியிலிருந்து செய்தி: "வடிகட்டி, மருந்து இரண்டும் அடுத்த கலத்தில். வர நாற்பது நாள் ஆகும். சமாளியுங்கள்."
ஒரே வழி, புதுப் பனியை உருக்கிக் குடிப்பது. அதற்கு இசக்கிமுத்து இரண்டு ஷிப்ட் ஓட்ட வேண்டும். வேறு யாருக்கும் அந்த இயந்திரம் பழக்கமில்லை.
கலம் வரும்வரை கையிருப்பு மாத்திரை ஒருவருக்குத்தான் காணும். அவருக்கும் எனக்குமாகப் பாதியாக உடைத்தால் இருவருக்கும் பலிக்காது.

நாள் 120, 17:30
அவருக்கே கொடுத்துவிட்டேன். இருப்பு நிறைய இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

நாள் 139, 10:20
பனித் தண்ணீர் குடித்து மற்ற ஆறு பேருக்கும் பிரஷர் இறங்கிவிட்டது. இசக்கிமுத்து 138/88.
எனக்கு 196/118. வேறு கருவியிலும் பார்த்தேன். அதே எண்.
துளைக்குழியிலிருந்து ரேடியோவில் இசக்கிமுத்துவின் குரல்: "காலைல ஒங்க மொகம் ஒரு மாதிரி இருந்துச்சே. மாத்திர போட்டீயளா?"
போட்டேன் என்றேன்.

நாள் 144, 14:32
குரலில் பதிகிறேன். வலது கையில் பேனா நிற்கவில்லை. உதடும் ஒருபக்கம் இழுக்கிறது. பக்கவாதம். எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இதைக் கேட்பவர்களுக்கு: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். நாக்கை நம்பாதீர்கள்.

14:41
இசக்கிமுத்து வந்தார். கேட்டார். பதில் சொன்னேன். புரியவில்லை என்று அழுகிறார். ஏன் அழ வேண்டும்? நான் நன்றாகத்தான் தண்ணீர் சொல்கிறேன்.

14:47
சொல்கிறேனே. ஆறு பேரும் நாற்காலி. பனி எழுதுங்கள், கதவை எழுதுங்கள். எல்லோருக்கும் இறங்கி, இறங்கி, இற