அகல்யா வைத்த படையல்

பாயா ரும்புட்,
2.11.2024

அன்புள்ள கணவருக்கு,

நாங்கள் நலம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் அப்பா படத்துக்குப் படையல் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கத்திலேயே உங்கள் படம்! முன்னால் நீங்கள் குடிக்கிற மாதிரியே பால் கலக்காத கோப்பி-ஓ ஒரு குவளை. எல்லாம் நம் அகல்யாவின் வேலை. "தாத்தாவுக்கு வச்சீங்கல்ல, அப்பாவும் செத்துட்டாருல்ல" என்கிறாள். ஐந்து வயதில் பேசுகிற பேச்சா இது?

"அப்பா ஜோகூர்ல வேலை செய்றாரும்மா" என்றேன். "ஜிம்மியும் ஜோகூருன்னுதானே சொன்னீங்க" என்றாள். லாரியில் அடிபட்டுச் செத்த நாயை ஜோகூருக்கு அனுப்பிவைத்த மகராசன் நீங்கள்தானே! எதிர்வீட்டு உஷாராணி அக்காதான் அவளிடம் உண்மையைச் சொன்னார். அன்றிலிருந்து எதையும் அவரிடம் கேட்ட பிறகுதான் நம்புகிறாள். அப்பா ஜோகூரில்தான் இருக்கிறாரா என்று இதையும் போய்க் கேட்டிருக்கிறாள். நீங்கள் சிறையில் இருப்பதைச் சொல்லிவிடாதீர்கள் என்று நான் கெஞ்சியிருந்தேன். அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

நான் என்ன செய்யட்டும்?

தாரணி


ஜோகூர்,
14.11.2024

அன்புள்ள தாரணி,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளை இங்கே கூட்டி வராதே என்று சொன்ன நானே இப்போது சொல்கிறேன், கூட்டி வா. சிறை என்றே சொல். என் மொட்டைத் தலையைப் பார்த்துப் பயப்படப் போகிறாள், முன்னாலேயே சொல்லி வை. கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவாள்.

உன் குகன்


பாயா ரும்புட்,
9.12.2024

அன்புள்ள கணவருக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வந்ததும் அகல்யா உஷாராணி அக்காவிடம் ஓடினாள். "அப்பாவப் பெரிய டிவியில பார்த்தேன். தூக்குங்கன்னேன், தூக்கல" என்றாள். தாத்தா பேசும் பழைய வீடியோவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டுவோமே, அதுபோலத்தானாம் இதுவும்.

சொல்லிவிடுங்கள் என்று நான் தலையசைக்க, அக்கா சொன்னார்: "அப்பா உசுரோடதான் இருக்காருலா கண்ணு, ஜெயில்ல."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா, அன்ட்டி?"

அக்காவுக்குப் பொய் வராது. ஆமாம் என்றார். இப்போது அகல்யா அவரிடமும் எதுவும் கேட்பதில்லை.

தாரணி


ஜோகூர்,
3.1.2025

அன்புள்ள தாரணி,

பிள்ளையைத் திட்டாதே. அவள் சரியாகத்தான் யோசிக்கிறாள். நான் வெளியே வர இன்னும் இரண்டு தீபாவளி இருக்கிறது. வந்து தூக்கினால்தான் நம்புவாள், அதுவரை சொல்லிச் சொல்லி அவளைப் படுத்தாதே.

அடுத்த படையலுக்கும் என் படத்தை வைத்தால் வைக்கட்டும். கோப்பி-ஓவில் மட்டும் சீனியைக் குறைக்கச் சொல்.

உன் குகன்