கடிதங்களின் பின்பக்கம்

அக்கா,

அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. நீ செய்தித்தாளில்தான் பார்த்திருப்பாய். பெரிய அறிஞர், ஏழைகளின் பேராயர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். தன் டிரைவரின் மகனைக் கட்டிக்கொண்ட மகளை வீட்டுப்படி ஏற விடாதவர் என்று யாரும் எழுதவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

அவர் தாளை வீணாக்கமாட்டார், உனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் பின்பக்கத்தில் புத்தகம் எழுதுவார். நூலகத்துக்குக் கொடுப்பதற்காக அவருடைய காகிதங்களைப் பிரித்தேன். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அந்தக் கெட்ட குமாரன் கதைக்கு அவர் எழுதிய விளக்கவுரை, உலகமே கொண்டாடியது, உன் கடிதங்களின் பின்னால் இருக்கிறது.

நூலகர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்டார்.

"முன்பக்கம் ஏதோ குடும்ப விஷயம் போல சார். அது அடியில போயிடும், யார் கண்ணுக்கும் படாது."

"இருபது வருஷமா நாங்க பண்ணதும் அதான்," என்றேன்.

அவருக்குக் கொடுக்கவில்லை. உன் கடிதங்கள் பன்னிரண்டையும் உனக்கே அனுப்புகிறேன்.

ஒன்றின் பின்பக்கத்தில் மட்டும் எதுவும் இல்லை. அம்மா சாகக் கிடந்தபோது, ஒருமுறை வந்து பார்க்கட்டுமா என்று நீ கேட்டு எழுதியது. அதில் மட்டும் அவருக்குக் கை ஓடவில்லை போலிருக்கிறது. இதற்காக அவரை மன்னிக்கச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது நான்தான், அக்கா. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"அவகிட்டேருந்து ஏதாவது வந்துச்சாடா?" என்று படுக்கையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அதை அப்பாவின் மேஜைமேல் வைத்தேன்.

உன் தம்பி